மழை நாளில் நான் நிற்க வைத்த மாணவன்

எனக்குத் துளி அதிகாரம் கிடைத்தாலும் தலைகால் புரியாது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ராஜபாளையத்தில் கணக்கு மிஸ்ஸாகச் சேர்ந்த முதல் வருடம் கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

ஐப்பசி மழை விடாமல் அடித்து, மூன்றாவது நாளாகப் பள்ளிக்கு விடுமுறை. "புள்ளைக சும்மா கெடக்கக் கூடாது, ஆன்லைன்ல எடுங்க" என்றார் தாளாளர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்து மணிக்குக் காரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்த பிறகுதான் வேலை நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போடுவாராம். அது கிடைக்காவிட்டால், 'பொம்பளப் பிள்ளைக்கு வேலை எதுக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா ஜெயித்துவிடுவார். அந்தப் பயத்தையெல்லாம் பிள்ளைகள் மேல் காட்டினேன். 'வகுப்புக்கு வராதவர்கள் பெற்றோரோடு வந்து என்னைப் பார்க்கவும்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பத்து மணி ஆகியும் தாளாளரைக் காணோம். பள்ளிக் கம்ப்யூட்டர் ரூமில் தனியாக ஆரம்பித்தேன். முப்பத்தெட்டுப் பேர், எல்லாம் கறுப்புக் கட்டங்கள். முத்துக்குமாரின் கட்டத்திலிருந்து மட்டும் காது கிழிகிற சத்தம்.

"டேய் முத்துக்குமார், என்னடா அங்க?"

"இஞ்சின் மிஸ்."

(குரல் கரகரவென்று இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பயல்களுக்குத் தவளைக் குரல்தான். சந்தேகமே வரவில்லை.)

"ஆஃப் பண்ணுடா! எந்திரிச்சு நில்லு. நான் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது."

"சரி மிஸ்."

சத்தம் நின்றது. செங்கோண முக்கோணத்துக்குப் போனேன். "ஒரு பக்கம் மூணு, இன்னொண்ணு நாலு. கர்ணம் எவ்வளவுடா?"

"அஞ்சு மிஸ். மூலை மட்டம் பாக்க கொத்தனாரு அப்பிடித்தான நூலு பிடிப்பாரு."

அசந்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. "இம்புட்டு அறிவு இருக்குல்ல, பொறவு ஏண்டா டெஸ்ட்ல மூணு மார்க்கு?"

"தெரியல மிஸ். வீட்டுக்குப் போயி கேக்கேன்."

அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவன் பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல் கேட்டது.

"ஏம்ப்பா, மரத்தப் பாதி இழுத்துப் போட்டுட்டு எம்புட்டு நேரமா நிக்க?"

"மிஸ் நிக்கச் சொல்லிட்டாவய்யா."

"யாருடா அது, கிளாஸ் நேரத்துல? வெளிய போகச் சொல்லு!" என்று கத்தினேன்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"நான் வெளியதாம்மா நிக்கேன். மழையில."

தாளாளர்.

விஷயம் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. முத்துக்குமார் வீட்டில் ஒரே போன். அவன் அப்பா மாரிச்சாமி பொக்லைன் ஓட்டுபவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புளியமரம் சாய்ந்துவிட்டது என்று காலையிலேயே கூப்பிட்டதால் போனோடு போய்விட்டார். ஆப்சென்ட் போட்டால் அப்பாவை வரச் சொல்வார்களே என்று மகன் அழ, அவரே வகுப்புக்கு வந்துவிட்டார். நான் நிற்கச் சொன்னதும் வண்டியை விட்டு இறங்கி, போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் காதோடு வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருக்கிறார். இரண்டு பக்கமும் பஸ், லாரி, கூட்டத்தில் தாளாளரின் கார். என் அப்பா வயது இருக்கும் அந்த மனிதரை எத்தனை 'டா' போட்டேன் என்று எண்ணவே கூசியது.

மதியம் தாளாளர் சொட்டச் சொட்ட வந்தார். நான் அழத் தயாராக நின்றேன்.

"முப்பத்தெட்டுல எத்தன பேரும்மா உண்மையில பாடம் கேட்டான்?"

"தெரியல சார்."

"ஒருத்தன் கேட்டான். நான் கண்ணால பாத்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். "ஆனா இனிமே மழைன்னா லீவுதான்."

பிறகு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ரயில்வே கேட் அடைத்து வண்டிகள் வரிசை கட்டினால் போதும், என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"ஏட்டி, யாரையும் நிக்கச் சொல்லிட்டு வந்தியா?"