கொம்பழகனின் கடைசி ரீல்

இந்த வருஷம் மாமனார் ஊர்த் திருவிழாவுக்குப் போவதில்லை என்று சவுரியப்பன் முடிவு கட்டிவிட்டான். சாதாரண முடிவு இல்லை. பல் விளக்கும்போது எடுத்து, குளிக்கும்போது உறுதிப்படுத்தி, அதியமான்கோட்டையிலிருந்து தர்மபுரி வரைக்கும் சைக்கிள் மிதித்தபடி ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்த முடிவு. பெண்டாட்டி ராஜமேரியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சைக்கிள் மேல் இருக்கும்போது வருகிற தைரியம், வீட்டு வாசலில் இறங்கியதும் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை.

திருவிழா என்றால் ஒரு நாள் கூத்தா? தீர்த்தமலைக்குப் பக்கத்து ஊர். கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் பத்து நாள். பத்து நாளும் மாமனார் சின்னப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் டாக்கீஸ் கிடையாது, டி.வி. கிடையாது. சினிமா இல்லாத ஊரில் மனுஷன் எப்படித்தான் மூச்சு விடுகிறானோ என்பது சவுரியப்பனின் நீண்டநாள் சந்தேகம்.

அவனுக்கு வேலை தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில், எடை போடுவது. தராசுத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கூடு வந்து குவியும். அவன் கண்ணுக்கு அது கூடாகத் தெரியாது. ஏரித் தண்ணீரில் நிலா விழுந்து கிடப்பதாகத் தெரியும். நிலாவுக்கு நடுவில் மெதுவாக இரண்டு கொம்பு எழும்பும்.

"யோவ், எடை போடுறியா, கனவு காணுறியா?" என்று விவசாயிகள் கத்துவார்கள். கொம்பு முங்கிவிடும்.

அந்த ஏரியும் கொம்பும் 'கொம்பழகன்' படத்தில் வருபவை. பன்னிரண்டு வயசில், அதியமான்கோட்டை டென்ட் கொட்டகையில், மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து, பதினோரு தடவை பார்த்தான். ஏரிக்குள் ஒரு பூதம். முறம் மாதிரி காது, முழ நீளக் கொம்பு. தண்ணீர் மொள்ள வந்த செண்பகவல்லி அதைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதிலாக, "ஏன் இப்பிடி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவாள். அதுவரை அந்தப் பூதத்தை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு வெள்ளைத் தாமரை அவள் குடத்தருகில் மிதந்து வரும். கடைசியில் ஊர் தீவட்டியோடு திரண்டு வர, அவளுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதென்று பூதம் ஏரிக்குள் தனியாக இறங்கிப் போகும். இடுப்பு முங்கும், தோள் முங்கும், கொம்பு நுனி மட்டும் மிச்சம் இருக்கும். அதுவும் முங்கும். 'சுபம்' விழும். பதினோரு தடவையும் சவுரியப்பன் தேம்பித் தேம்பி அழுதான். காதல் என்றால் அதுதான் என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

எண்பத்தேழாம் வருஷம், கோடை. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பக்கத்து வீட்டு முனிராஜ் வேலியைத் தாண்டி ஓடி வந்தான். மாந்தோப்புக்காரன். சவுரியப்பனுக்குச் சற்றும் சளைக்காத சினிமாப் பைத்தியம்.

"சவுரி! மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன் கொம்பழகனைத் தூசி தட்டிக் கேசட்டு போட்டிருக்கான்பா! வெட்டாத முழுப் படமாம். அட்டையிலயே எழுதியிருக்குது."

சவுரியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் ரசிகன் என்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

"கேசட்டுல பாக்குறதெல்லாம் ஒரு படமா? கொட்டாயில பூதம் பனைமர உசரம் வரும். டி.வி.ல பூனைக்குட்டி அளவு வரும்."

"கண்ணைக் கொஞ்சம் மூடிக்கிட்டு நெனச்சுக்க. பெருசாத் தெரியும்."

"மூடிக்கிட்டுப் பாக்குறதுக்குக் கேசட்டு எதுக்குடா?"

"நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்ல. தாமரை வர்ற எடத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கலாம்ல. கடைசியில பூதம் ராஜகுமாரனா மாறுதே, அதை..."

"எது மாறுது?"

"பூதம். அவ கண்ணீர் பட்டு ராஜகுமாரனா மாறிக் கல்யாணம் பண்ணிக்கும்ல?"

"அடப்பாவி! அது தனியா ஏரிக்குள்ள போயிடும்டா! என் கண்ணால பதினோரு தடவை பாத்தவன் நானு!"

"நான் பென்னாகரம் கொட்டாயில பாத்தேன்பா. மேளதாளத்தோட கல்யாணம்!"

பட்டுப்பூச்சி வளர்க்கிற கொட்டகைக்குள்ளிருந்து ராஜமேரியின் குரல் வந்தது. உள்ளே அவள் தட்டு தட்டாகப் புழுவுக்கு மல்பெரித் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமே முக்கால் படம் பாத்தவங்க. பூதம் முங்கினதும் செண்பகவல்லி அந்த ஏரித் தண்ணியை அள்ளிக் குடிப்பா. அவளுக்கும் கொம்பு மொளைக்கும். அவளும் உள்ள போயிடுவா."

இரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதாநாயகிக்குக் கொம்பாம்!

"இதை யாரு சொன்னது?" என்றான் சவுரியப்பன்.

"எங்கப்பாருதான். அப்ப அவருக்கு டாக்கீஸ்லதான வேலை. ஒரே படப் பொட்டி, ரெண்டு கொட்டாயி. நல்லம்பள்ளியில ஓடி முடிஞ்ச ரீலை, சூடு ஆறுறதுக்குள்ள சைக்கிள்ல இங்க கொண்டாருவாரு."

"பொட்டி தூக்குனவரு கதை சொல்லுவாரு, பாத்தவன் பொய் சொல்லுவனா? பந்தயம் வக்கிறியா?"

ராஜமேரி தழைக் கூடையோடு வெளியே வந்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"வக்கிறேன். நான் சொல்றது சரின்னா, திருவிழாவுக்குப் பத்து நாளும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம வரணும். நீங்க சொல்றது சரின்னா, உங்களைக் கூப்புடவே மாட்டேன். வூட்லயே இருங்க. சம்மதமா?"

சவுரியப்பனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. எதைச் சொல்லத் தைரியம் வராமல் பத்து நாளாக சைக்கிளோடு பேசிக்கொண்டிருந்தானோ, அதை அவளே தட்டில் வைத்து நீட்டுகிறாள். பத்து நாள்! தனி வீடு! வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, கொம்பும் தாமரையும் நிலாவுமாக...

"மாதா சத்தியமாச் சம்மதம்!" என்றான்.

ஆனாலும் எடை போடுகிற கை அல்லவா? தராசை ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் தர்மபுரியில் பெரியநாயகம் நடத்துகிற வீடியோ கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு டி.வி.யும் டெக்கும் கொண்டு வரப் போவது அந்தப் பெரியநாயகம்தான்.

"கடைசிப் பகுதியை மட்டும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுப்பா. சும்மா, பிரிண்ட் எப்படின்னு பாக்கத்தான்."

ஓடியது. தீவட்டி வந்தது. பூதம் இறங்கியது. கொம்பு நுனி முங்கியது. சவுரியப்பன் பழைய ஞாபகத்தில், படம் முடிந்ததென்று எழுந்துவிட்டான்.

'சுபம்' விழவில்லை.

செண்பகவல்லி வந்தாள். கரையில் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தாள். அவள் கூந்தலுக்கு நடுவில் கன்றுக்குட்டிக்கு முளைக்கிற மாதிரி இரண்டு குட்டிக் கொம்பு எட்டிப் பார்த்தது. தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். கட்டியிருந்த புடவையோடு ஏரிக்குள் நடந்தாள். தண்ணீருக்குக் கீழே அது காத்துக்கொண்டிருந்தது. "சாப்பிட்டியா?" என்று இந்தத் தடவை அது கேட்டது. மேலே நிலா ஆடி ஆடி நின்றது. அதற்கப்புறம்தான் 'சுபம்' விழுந்தது.

சவுரியப்பன் அழுதான். பதினோரு தடவை அழுததைவிட அதிகமாக அழுதான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பூதம் தனியாகக் கிடக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்! அதற்குத் துணை இருந்திருக்கிறது. அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துப் போய், "ராஜமேரி, நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும் போல மனசு பொங்கியது.

பொங்கியதெல்லாம் கடை வாசல் வரைக்கும்தான். வாசலில் மாமனார் ஊர் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெரியநாயகம், ஒரு உதவி பண்ணு. ஞாயித்துக்கெழமை கொம்பு நுனி முங்குது பாரு, அதோட பொசுக்குன்னு நிறுத்திடு. யாராச்சும் கேட்டா, படம் அவ்வளவுதான்னு சொல்லிடு."

"ஏங்க, நல்ல எடமே அதுக்கப்புறந்தானுங்களே?"

"நல்ல எடத்தை நான் பாத்துட்டேன்பா. அது போதும்."

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்குப் படம். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி வீட்டை இருட்டாக்கியிருந்தார்கள். தெருவே உள்ளே உட்கார்ந்திருந்தது. முனிராஜ் தன் பெண்டாட்டி பெரியம்மாளோடு முன்வரிசையில். ராஜமேரி, மகள் வேளாங்கண்ணியை மடியில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக.

தாமரை மிதந்து வரும்போது ஒருத்தரும் மூச்சு விடவில்லை. டி.வி.யின் நீல வெளிச்சத்தில் எல்லார் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. சவுரியப்பன் ஓரக்கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயசுப் பிள்ளை மாதிரி இருந்தாள். ஒரு நிமிஷம் அவனுக்கு நெஞ்சு உறுத்தியது. அப்பன் வாயால் கேட்ட கதையை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கப் போகிறாள், அதைப் போய்...

கொம்பு நுனி முங்கியது. பெரியநாயகம் பொசுக்கென்று நிறுத்தினான்.

"அவ்வளவுதாங்க படம்!"

"பாத்தியா! பாத்தியா!" சவுரியப்பன் குதித்தான். "தனியாப் போயிடுச்சா இல்லியா?"

"ராஜகுமாரன் எங்கப்பா?" என்றான் முனிராஜ் பரிதாபமாக.

"சுபம் போடலையே?" என்றாள் பெரியம்மாள்.

"அதெல்லாம் கேசட்டுல போட மாட்டாங்க!"

எல்லாரும் ராஜமேரியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து ஜன்னல் போர்வையை அவிழ்த்தாள். வெயில் உள்ளே கொட்டியது.

"சரிங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இவ்வளவு சுலபமாகவா என்று சவுரியப்பனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதானே? ஏரிக்கரையில் படுத்திருப்பதாகக் கனவு கண்டுகொண்டே தூங்கினான்.

காலையில் அரூர் பஸ்ஸுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான். ஜெயித்தவன் காட்டுகிற பெருந்தன்மை. பஸ்ஸில் ராஜமேரியும் மகளும் ஏறினார்கள். பின்னாலேயே புதுப் புடவை கட்டிக்கொண்டு பெரியம்மாளும் ஏறினாள்.

"பெரியம்மாக்கா எங்க போறாங்க?"

"எங்கூடத்தான். அக்கா இதுவரைக்கும் தேர் பாத்ததில்லையாம்." ராஜமேரி ஜன்னல் வழியாக மூட்டையை வாங்கிக்கொண்டாள். "கேளுங்க. பூச்சி நேத்துத்தான் நாலாந் தூக்கம் முடிச்சு, தோலுரிச்சு எழுந்திருக்குது. இனி எட்டு நாள் ராட்சசத் தீனி. தெனம் நாலு வேளை தழை. ஈரத் தழை ஆகாது. தட்டு தட்டா பூச்சி போட்ட சாணியை எடுக்கணும். எறும்பு ஏறக் கூடாது."

சவுரியப்பனுக்குக் கூட்டை எடை போடத் தெரியும். கூட்டைக் கட்டுகிற புழுவைத் தட்டில் பார்த்தாலே கூச்சம். இரண்டாயிரம் தட்டு இருப்பது மாதிரி அந்தக் கொட்டகை அவன் கண் முன்னால் விரிந்தது.

"அதை... அதை யாராச்சும்..."

"நீங்க எங்கூட வர்றதா இருந்தா பெரியம்மாக்காதான் பாத்துக்கறதாப் பேச்சு. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே!"

அவள் மடியில் ஒரு பை. பைக்குள் கேசட் அட்டை எட்டிப் பார்த்தது. அதில் கொம்பு தெரிந்தது.

"இது எப்பிடி உங்கிட்ட?"

"பெரியநாயகம் குடுத்தாரு. எங்க ஊருப் பங்குச் சாமியாரு இந்த வருஷந்தான் டி.வி.யும் டெக்கும் வாங்கியிருக்காரு. எங்கப்பாருக்குப் போட்டுக் காட்டணும். அவரு ரீலைக் கொண்டார்ற வழியில புளியமரத்தடியில தூங்கித் தூங்கித்தான் கடைசி ரீலு இந்த ஊருக்கு வந்து சேரலயாம். கொட்டாய்க்காரரு கண்ணாடியில சுபம்னு எழுதி, தெரையில விழற மாதிரி வெளக்கு காட்டி சனத்தை அனுப்பிச்சிட்டாராம். இப்பவாச்சும் தூங்காமப் பாக்கட்டும்."

"பெரியநாயகம் உனக்கு எதுக்கு..."

"அவரு மகளுக்கு நாந்தான ஞானத்தாயி? எங்கிட்டப் பொய் சொல்லுவாரா? வியாழக்கெழமை சாயங்காலமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அந்த ஞானஸ்நானத்துக்கு நீங்க வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்குத்தான் மேட்னி பாக்கப் போயிட்டீங்களே."

பஸ் உறுமியது. ராஜமேரி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கடையில உக்காந்து அழுதீங்களாமே? வந்து சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு மூணு நாளாப் பாத்தேன்."

பஸ் நகர்ந்தது. சவுரியப்பன் நின்றான். பூதம் தனியாக ஏரிக்குள் இறங்குவது கண்ணில் தெரிந்தது. அந்தப் பூதத்துக்குத் தன் மூஞ்சி இருந்தது. அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடினான்.

"ராஜமேரி! அவளுக்குக் கொம்பு மொளைச்சுது! நான் பாத்தேன்! நான் தோத்துட்டேன்! நானும் வர்றேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ராஜமேரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு அழகாகச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"நீங்களும் வந்துட்டா, பூச்சிக்குத் தழை யாருங்க போடுவாங்க?"