பதினான்கு பிள்ளைகளைக் காணாமல் ஆக்கிய அப்பா

பிள்ளைகளே, அப்பா செயலி எழுதுகிறவர் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்கிறீர்களாம். ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கிள்ளானில் பட்டப்பகலில் பதினான்கு பிள்ளைகளைக் காணாமல் ஆக்கியவனும் நான்தான்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் போனவன் நான். பிறகு ஆறு மாத வகுப்பில் ஐபோன் செயலி எழுதக் கற்றேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனி, மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறோம் என்று சேர்த்துக்கொண்டது. இது நடந்தது அந்த மூன்று மாதத்தின் கடைசி வாரத்தில். மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில். வேலை போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் எனக்குத்தான் வாந்தி வந்தது.

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் லெட்சுமி அக்காவுக்கு ஒரு செயலி. பிள்ளை ஏறியதும் அக்கா ஒரு தட்டு தட்டினால், தாயின் போனில் ‘ஏறியாச்சு’ என்று வரவேண்டும்.

அதை ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதினேன். அதில் கிளாஸ் என்பது அச்சடித்த வெற்று விண்ணப்பப் பாரம். இன்ஸ்டன்ஸ் என்பது ஒரு பிள்ளையின் பெயரில் பூர்த்தி செய்த பாரம். ஏறினானா இல்லையா என்பதைப் பூர்த்தி செய்த பாரத்திடம்தான் கேட்கவேண்டும். நான் வெற்றுப் பாரத்திடம் கேட்டேன். ‘இந்தக் கிளாஸில் அப்படி ஒரு ப்ராப்பர்ட்டி இல்லை’ என்று திரையில் சிவப்பாக வந்தது. ப்ராப்பர்ட்டி என்றால் பாரத்தில் நிரப்பும் ஒரு கட்டம். (அது ஒழுங்காகத்தான் சொன்னது.) நானோ அந்த ப்ராப்பர்ட்டியைக் கிளாஸுக்கே கொடுத்துவிட்டேன். சிவப்பு மறைந்தது. ஒரே ஒரு பிள்ளையை வைத்துச் சோதித்தேன். அருமையாக ஓடியது.

அதாவது, பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டம்.

வெள்ளோட்டத்தன்று பள்ளி விடும் நேரத்தில் வேனில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பிள்ளை ஏறியதுமே பதினான்கு வீட்டுக்கும் ‘ஏறியாச்சு’ போயிருக்கிறது. நல்ல சேதி என்பதால் யாரும் கேட்கவில்லை. பட்டியலில் கடைசியாகக் கவின். காய்ச்சல் என்று அவன் அம்மா முன்பே பள்ளியிலிருந்து அழைத்துப் போயிருந்தார். அக்கா ‘ஏறவில்லை’ என்று தட்டினார்.

வேன் சாலைக்கு வருவதற்குள் அக்காவின் போன் அலறத் தொடங்கியது.

“அக்கா, எம்புள்ள எங்கக்கா?”

“பின்னாலதான் பிஸ்கட் தின்னுறான் லா.”

“போன்ல ஏறலன்னு வருதே!”

அடுத்த போன், அதற்கடுத்த போன். ஒரு தகப்பனார் மோட்டார் சைக்கிளில் வந்து வேனை மறித்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சன்னல் சன்னலாக எட்டிப் பார்த்தார். மகள் கையாட்டியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேலை போய்விடும் என்ற பயம் சின்னதாகிவிட்டது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் தம்பி, ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா எல்லாப் புள்ளையும் காணாமப் போயிருமா?”

ஒவ்வொரு வீட்டிலும் நானே இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துப் பெயர் சொல்லி ஒப்படைத்து, தப்பு என்னுடையது என்றேன். பதின்மூன்று கேட். அதை அக்கா என் முதலாளியிடம் சொன்னதால் வேலை தப்பியது. நிரந்தரமாக்க மட்டும் முதலாளி இன்னொரு மூன்று மாதம் தவணை போட்டார்.

இன்றும் சமையலறையிலிருந்து அம்மா, “பிள்ளைங்களா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், மூத்தவள் சும்மா இருக்கமாட்டாள். “வெத்துப் பாரத்துக்கிட்ட கேக்காதீங்கம்மா, பேரச் சொல்லிக் கேளுங்க.”

எல்லோரும் சிரிப்பீர்கள். நான் மட்டும் எழுந்து வந்து, உங்கள் இருவர் தலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.