கிரேக்க மாஸ்டருக்கு நான் எழுதிய கேஸ்

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவருக்கு அரசியல் தஞ்சம் கேட்டு பிரெஞ்சு அரசாங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதினெட்டுப் பக்கம். கையொப்பம், பக்க எண், இணைப்பு எல்லாம் கச்சிதம். ஆள்தான் செத்து ஐந்நூறு வருடம்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவர்களுக்குக் கிரேக்க மாஸ்டரைத் தெரியாது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருக்களில் நான் பார்த்த பைத்தியங்களில் முழுநேரப் பைத்தியம் அவர் ஒருவர்தான். மற்ற நாமெல்லாம் பகுதிநேரம்.

சண்டை முடிந்த மறுவருடம் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர். ராசன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தார். ஊரில் சரித்திர வாத்தியார். இளவயதில் கத்தோலிக்கக் குருமடத்தில் மூன்று வருடம் படித்து, குருப்பட்டம் வேண்டாம் என்று ஓடிவந்தபோது கிரேக்க மொழியை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அங்கேதான் நான் மனு எழுதிய அந்த அறிஞரைப் பற்றிப் படித்திருக்கிறார். கிரேக்கர். எதிரி வந்து நகரத்தைப் பிடிக்க, படகேறித் தப்பி இத்தாலிக்குப் போய், பணக்கார வீடுகளில் தங்கிக் கிரேக்கம் படிப்பித்து, கடைசியில் பாரிசுக்கும் வந்தவர்.

"எங்களுக்கு முதல் வந்து இறங்கின ஆள், தம்பி. இஞ்சை மறுமலர்ச்சி மறுமலர்ச்சி எண்டு துள்ளுறாங்கள். அது முழுக்க ஒரு அகதி போட்ட பிச்சை."

"ஆளின்ரை பேர் என்ன மாஸ்டர்?"

"பேர் சொன்னால் தேடுவாங்கள்."

ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு யார் தேடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லும்போது நான் தலையை மட்டும் ஆட்டுவது வழக்கம். காதைக் கொடுப்பது கிடையாது. அதன் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.

அறிஞரின் தாடியைப் பார்த்து இத்தாலிக்காரர்கள் சிரித்தார்களாம், அவர் எடுக்கவில்லையாம். ஆகவே மாஸ்டரும் நெஞ்சுவரை தாடி வளர்த்தார். அது வெங்காயச் சட்டிக்குள் அடிக்கடி எட்டிப் பார்த்தது.

"உந்தத் தாடியை எடுங்கோ மாஸ்டர், சுகாதாரக்காரர் வந்தால் கடையைப் பூட்டிப்போடுவாங்கள்" என்றார் ராசன் அண்ணை.

"அவ்வளவு பேர் சிரிச்சும் அந்தாள் எடுக்கேல்லை, ராசன்."

"அந்தாள் வெங்காயம் உரிச்சவரோ?"

முடிவில் சமாதானம் ஏற்பட்டது. தலைக்குப் போடும் வலையைத் தாடிக்குப் போட்டுக்கொண்டார். தோசை சாப்பிட வந்த ஒரு பிரெஞ்சுக்காரி, இது சமயச் சடங்கா என்று பயபக்தியுடன் கேட்டாள். ராசன் அண்ணை யோசிக்காமல் "ஓம்" என்றார்.

பாரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் லீவு என்று மாஸ்டரை அனுப்பினோம். அவர் கரும்பலகையில் ஆல்பா, பீட்டா, காமா என்று எழுதிப் பிள்ளைகளைப் பாட வைத்தார். பெற்றோர் புளகாங்கிதம் அடைந்தார்கள். "எங்கடை சின்னன் ஏழு வயசிலை அல்ஜிப்ரா படிக்குது" என்று ஒரு தாய் பரப்ப, பக்கத்து ஊரான சார்செலிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது கிழமை ஒரு தகப்பன் வந்து, கேத்திர கணிதம் எப்போது தொடங்கும் என்று விசாரித்தபோதுதான் குட்டு உடைந்தது.

மாஸ்டரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. சரித்திரத்தைத் தனக்கு நடந்ததாகவே சொல்வார். "அவர் செய்தார், இவர் செய்தார் எண்டால் பெடியள் நித்திரையாப் போவாங்கள். நான் மதிலிலை நிண்டன் எண்டு சொல்லிப் பாரும், கண்ணை மூடமாட்டாங்கள்." ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில், முற்றுகையின்போது அவர் நகர மதிலில் நின்ற கதையை அரைமணி நேரம் கேட்ட ஒரு பெரியவர், கண் கலங்கி, "பிறகு எந்த முகாமிலை வைச்சிருந்தவங்கள்?" என்று கேட்டார்.

இந்த மனிதரின் தஞ்சக் கேஸ் நிராகரிக்கப்பட்டது. விசாரணையில் அவர் சொன்னது நாலே வசனம்: சண்டை நடந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டது. பிள்ளைகளும் போய்விட்டார்கள். நான் வந்துவிட்டேன். விபரம் போதாது என்று கடிதம் வந்தது. மிச்சம் இருந்தது மேன்முறையீடு. அதுவும் போனால் நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். திரும்பிப் போக அவருக்கு ஒரு வீடுகூட நிற்கவில்லை.

ஓய்வு நாட்களில் சனத்துக்குப் பிரெஞ்சில் கேஸ் எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. "விபரம் வேணும் மாஸ்டர். ஒண்டும் விடாமல் எழுதித் தாங்கோ" என்றேன். ஒரு பையைத் தந்தார். உள்ளே இரண்டு கொப்பிகள். ஒன்றில் இரண்டு பக்கம். மற்றது தலையணை மொத்தம். விபரம் மொத்தக் கொப்பியில்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

சார்செலிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில், முழுவதையும் ஒருமுறை வாசிக்காமல், வரிவரியாக மொழிபெயர்த்தேன். நகரம் முற்றுகையில் இருந்தது. எதிரி சுற்றி நின்றான். நானும் மதிலில் நின்றேன். படகில் தப்பினேன். அந்நிய நாட்டில் எம் மொழியைக் கற்பித்தேன். போர்க்காலப் பழக்கத்தில் மாஸ்டர் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எதையும் எழுத்தில் வைப்பதில்லை. "மன்னர்" என்று வந்த இடத்தில், இயக்கத்துப் பெரியவர்களைச் சொல்வதுபோல, "பொறுப்பாளர்" என்று போட்டேன். எதிரி கப்பல்களை மலைமேல் இழுத்துச் சென்றான் என்றிருந்ததை, மாஸ்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று வெட்டினேன். பீரங்கியை அறுபது எருதுகள் இழுத்ததை மட்டும் விட்டுவைத்தேன். வன்னியில் எருதுக்கா பஞ்சம்?

மேன்முறையீட்டு விசாரணை நாளில் பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன். நீதிபதி வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அறுபது எருதுகள் பூட்டிய பீரங்கி என்கிறீர்கள். இது எந்த ஆண்டு?" என்று கேட்டார்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஒரு மாணவன் கடைசியில் கேள்வி கேட்டுவிட்டான்.

"ஆயிரத்து நானூற்றி ஐம்பத்து மூண்டு."

மொழிபெயர்ப்பாளர் பாண்டிச்சேரிக்காரர். "ஐயா, சரியாத்தான் சொல்றீங்களா?" என்றார்.

"வைகாசி மாசம்."

எனக்கு வாங்கின் அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நீதிபதி மனுவை மூடி வைத்தார். "இவர் நீங்கள் இல்லை."

மாஸ்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எந்தக் கொப்பி போயிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. "இல்லை, ஐயா. அவர் எனக்கு முதல் வந்தவர்."

"அப்படியானால் நீங்கள்?"

மாஸ்டர் யாரோ ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம். தறப்பாள் கூரைக்குக் கீழே வகுப்பு. காலையில் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு இடத்திலும் "வந்தேன் சேர்" என்ற குரல் குறைந்துகொண்டு வந்தது. அப்படியும் முழுப் பெயரையும் கூப்பிட்டார். கடைசி இடத்தில் ஒரு காலை முழு இடாப்பையும் வாசித்து முடித்தார். ஒரு குரலும் வரவில்லை. மூடிவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நீதிபதி எல்லாவற்றையும் தன் கையாலேயே குறித்துக்கொண்டார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. தஞ்சம் கிடைத்துவிட்டது. மாஸ்டர் பொண்டி என்ற புறநகரில் ஓர் அறைக்குப் போய்விட்டார். நான் ராசன் அண்ணையின் கடையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, நான் மட்டும் அந்தப் பிழையை விடாதிருந்தால் மனிதர் வாயையே திறந்திருக்கமாட்டார், ஒருவகையில் அவருக்குத் தஞ்சம் வாங்கிக் கொடுத்தது என் பேனாதான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ராசன் அண்ணை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசையைத் துடைத்தார்.

"ஓம், மாஸ்டரும் உம்மைப் பற்றித்தான் நேற்றுக் கதைச்சவர். 'அந்தப் பெடியனுக்குக் கிரேக்கம் வராது, பிரெஞ்சும் பரவாயில்லை, தமிழெண்டாலும் வாசிக்கப் பழகவேணும். ஞாயிற்றுக்கிழமையிலை அனுப்பிவிடு, நான் பாக்கிறன்' எண்டவர்."