சுண்டுவிரல் வைத்தியம்

"என்னங்க, சுடுது! தள்ளிப் பிடிங்க!"

லிப்ட் மெக்கானிக் திரியைச் சட்டென்று பின்னால் இழுத்தார். மனைவியின் கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், சுருட்டு மாதிரி கனன்றுகொண்டிருந்தது அந்த மூலிகைத் திரி.

நிறைமாதம் நெருங்கியும் வயிற்றுக்குள் குழந்தை தலையைத் திருப்பாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. "ஆபரேஷனுக்கு முன்னாடி இதையும் செஞ்சு பார்ப்போமே" என்று பிரசவ டாக்டரே, அதே ஆஸ்பத்திரியில் இருந்த அக்குபங்சர் டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தார். அந்த அம்மா ஊசி குத்தியதோடு நிற்காமல், குழந்தை திரும்புவதற்காக வீட்டில் தினமும் சுண்டுவிரலுக்குச் சூடு காட்ட இந்தத் திரியையும் கொடுத்தனுப்பினார். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்.

திறந்தார்கள். புகை நேராக மாடி வீட்டுக்குப் போனது.

'டர்ர்ர்' என்று தலைக்கு மேல் நாற்காலி இழுபடும் சத்தம்.

"போச்சு! ஜட்ஜய்யாவுக்கு வாசனை எட்டிடுச்சு!"

மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. முன்பு மெக்கானிக்கின் வீட்டில் குடியிருந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவரை ஒரே முறைப்பில் காலி பண்ண வைத்தவர்.

மறுநாள் மெக்கானிக் திரியைப் படுக்கையறையில் கொளுத்தினார். 'டர்ர்ர்.' சத்தம் படுக்கையறைக்கு மேலே வந்து நின்றது.

அடுத்த நாள் மனைவியைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போய், ஸ்டூலில் உட்கார வைத்து, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தார். புகை காற்றுப் போக்கி வழியாக மேலே ஏறியது. இந்த முறை நாற்காலி ஓடியே வந்தது.

"மோப்பம் பிடிக்கிறார்டி! கேஸ் போடப் போறார்!"

"குழந்தை திரும்புதோ இல்லையோ, நான் வீட்டைச் சுத்தியே ஓய்ஞ்சுட்டேன்" என்றாள் அவள்.

கடைசியாகப் பால்கனி. விசிறியால் புகையைத் தெருப்பக்கம் தள்ளப் பார்த்தார். காற்று அதை அப்படியே சுருட்டி மாடிக்கே அனுப்பியது. 'டர்ர்ர்... டொக்.' மேலே ஒரு கனைப்பு கேட்டது. மெக்கானிக் திரியை மணலில் குத்திவிட்டு உள்ளே பாய்ந்தார்.

ஸ்கேன் நாள் வந்தது. டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "தலை கீழே வந்தாச்சு."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. அக்குபங்சர் அறைக்கு ஓடினார். "அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"திரியும் உதவியிருக்கலாம், தானாவும் திரும்பியிருக்கலாம்" என்றார் அந்த அம்மா. "நன்றியைக் குழந்தைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க. இனிமே திரி வேண்டாம்."

அன்று வீட்டில் புகை இல்லை. மனைவி நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தாள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஜட்ஜய்யா! தனியாகப் படியிறங்கி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் கை கூப்பினார். "ஐயா, மன்னிச்சுடுங்க. எல்லாம் குழந்தைக்காகத்தான். இனிமே ஒரு துளிப் புகை வராது."

"ஐயையோ, நிறுத்திடாதீங்க தம்பி!" என்று பதறினார் ஜட்ஜய்யா. "என் முட்டிவலிக்கு அந்தப் புகை பிரமாதமா கேக்குது. எந்த ரூம்ல கொளுத்துவீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, நாற்காலியை அங்கயே போட்டுக்குவேன்."