அதனால என்ன நடந்தது?

வெயிலைப் பற்றிக்கூட வாய் தவறிப் பேச முடியாதபடி நெளுக்குளம் ஊரையே ஒரு மனிதர் பயமுறுத்தி வைத்திருந்தார் என்றால், அது எங்கள் 'அதனால சேர்' ஒருவர்தான்.

பெரியவர்களுக்குப் பின்னேர ஆங்கில வகுப்பு நடத்தினார். கந்தோரில் பதவி உயர்வுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்ததால் நானும் மனைவியும் போனோம். 'சோ... தட்' என்ற ஆங்கில வசன அமைப்போடு தொடங்கியவர், அதற்குப் பிறகு வேறு பாடத்துக்குப் போகவே இல்லை. ஒன்று எவ்வளவு என்று சொன்னால், அதனால் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது மொட்டை வசனமாம். 'வெரி' என்ற சொல்லுக்கு வகுப்பில் இடமே இல்லை.

வகுப்போடு விட்டாரா? தேத்தண்ணிக் கடையில் யாராவது சரியான வெயில் என்று சொன்னால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிடுவார்.

"அதனால என்ன நடந்தது?"

பதில் வரும்வரை எழும்ப மாட்டார். செட்டிகுளத்தில் ஒரு கலியாண வீட்டில், பாயாசம் நல்ல ருசி என்று சொல்லி நானே மாட்டிக்கொண்டேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நிற்க, எனக்கு ஒரு விளைவும் தோன்றவில்லை. இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்துக் காட்டித்தான் தப்பினேன்.

ஒருநாள் காய்ச்சலோடு வகுப்புக்கு வந்த என் மனைவி கதிரையிலிருந்து அப்படியே சரிந்தாள். அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் ஆங்கிலம். 'வெரி சிக், வெரி சிக்' என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வரவில்லை. ஓட்டோவில் கொண்டுவர முடியாதா என்று கேட்டார்கள்.

சேர் போனை வாங்கினார். தண்ணீர்க் கோப்பையைத் தூக்க முடியாத அளவுக்குச் சோர்வு, பக்கத்தில் நிற்கும் கணவனை யாரென்று கேட்கும் அளவுக்கு மயக்கம், தன் பெயரைச் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அதன்பிறகு அவர்கள் ஓட்டோவைப் பற்றிக் கதைக்கவில்லை. உடனே வந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். நாங்கள் கேலி செய்த பாடம் என் வீட்டு விளக்கை அணையாமல் காத்துவிட்டது. எனக்கு மலைப்பாக இருந்தது.

அவள் தேறிய பிறகு, இருவருமாக அவர் வீட்டுக்குப் போனோம்.

"சேர், உங்களில எனக்கு எவ்வளவு நன்றி எண்டால்..."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்து, அன்றைக்குத்தான் அவர் 'அதனால?' என்று கேட்கவில்லை. என் கண்களைப் பார்த்தார்.

"காணும், இவ்வளவு போதும். வசனம் முடிஞ்சுது," என்றார்.