மூக்கு ஒழுகாத கோடை

மல்வேர்ன்,
ஸ்காபரோ.
ஓகஸ்ட் மாதக் கடைசி

பெருமதிப்புக்குரிய சகலனார் கஜீவன் அண்ணை அவர்களுக்கு,

மல்வேர்னிலிருந்து சிவரூபன் எழுதிக்கொள்வது. நானும் சஜிதாவும் பிள்ளைகளும் நலம். கடிதம் எழுதுகிற எல்லோரும் முதல் வரியில் இப்படித்தான் எழுதுவார்கள், வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தாலும் எழுதுவார்கள். நான் அப்படி எழுதவில்லை. சொல்லுக்குச் சொல் உண்மையாக எழுதுகிறேன். இந்தக் கோடை முழுவதும் என் மகள் தேனுகாவின் காதிலோ மகன் லவனின் மூக்கிலோ குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. தயவுசெய்து இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். என் குரல்பதிவுகள் நீளமாக இருப்பதால் நீங்கள் அவற்றைக் கேட்பதே இல்லை என்று நிலாணி அக்கா சொன்னதாகச் சஜிதா சொன்னாள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன வருடம் விட்பியில் உங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் மகனின் பிறந்தநாள். காற்றடித்த நீச்சல்குளத்தில் அத்தனை பிள்ளைகள். லவனுக்கு மூக்கால் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான், அது வெயிலுக்கு வருகிற தண்ணீர் என்று நான்தான் உங்களுக்கு உறுதி சொன்னேன். அடுத்த இரண்டு நாட்களில் உங்கள் பிள்ளைகள் மூவருக்கும் தடிமன், வந்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் தடிமன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தடிமன். நீங்கள் குடும்ப வட்ஸ்அப்பில், ‘மூக்கால ஓடுற பிள்ளையளை இனித் தயவுசெய்து வீட்டில வைச்சிருங்கோ’ என்று எழுதினீர்கள். பெயர் போடவில்லை. கீழே ஒரு கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். அந்தக் கைகள் யாரை நோக்கிக் கூப்பப்பட்டன என்று எல்லோருக்கும் விளங்கியது. உடனே நானும், ‘என்ர பிள்ளையள் ஒரு கோடை முழுக்கத் தும்மாமல் இருந்து காட்டும் வரைக்கும் நாங்கள் விட்பிப் பக்கம் தலைவைச்சும் படுக்க மாட்டம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் சஜிதாவைப் பார்த்தேன்.

“நீங்கள் ரோசத்தில ஏதோ எழுதிப்போட்டியள். அக்கா எனக்கெல்லோ இல்லாமல் போறா,” என்றாள்.

அதைவிட மோசம் தேனுகாவின் காது. அந்தத் தடிமன் அப்படியே காதுக்குள் இறங்கி, அன்ரிபயோட்டிக் எடுத்து, மாறி, திரும்ப வந்து, எங்கள் குடும்ப டொக்டர் கடைசியில் நீச்சல் வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். உதடு நீலமாகும்வரை தண்ணீரை விட்டு ஏறாத பிள்ளை அண்ணை அவள். சமூக நிலையத்துக் குளத்தின் ஓரத்தில், உடுப்பு மாற்றாமல் வாங்கில் இருந்துகொண்டு, கூடப் படித்தவர்கள் அடுத்த நிலைச் சோதனை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கிற கிளடிஸ் அன்ரியை உங்களுக்குத் தெரியும், முழங்கால் நோவோடு நடந்தவர். அவர் இந்த வசந்தத்தில் படியேறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். படியேறி வந்ததைக் காட்டத்தான் தட்டினார். சீனத்து வைத்தியம் என்றார். அந்தக் கையோடு அவருடைய டொக்டர் லியுங்கின் விலாசத்தை வாங்கிக்கொண்டு நாங்கள் நால்வரும் போனோம். ஒரு பல்கடைத்தொகுதியின் பின்புறம், மரக்கறிக் கடைக்கும் திறப்பு வெட்டுகிற கடைக்கும் நடுவில் சின்ன இடம். டொக்டர் லியுங் கட்டையான, நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய அம்மா. பல வருடமாக எங்கள் ஆட்களைப் பார்த்துப் பார்த்து மூன்று தமிழ்ச் சொற்கள் பிடித்து வைத்திருந்தார்: சுடுதண்ணி, வேண்டாம், காட்டு. மற்றதெல்லாம் இங்கிலிஷ்.

லவனைப் பார்த்து, “நாக்கு. காட்டு,” என்றார்.

லவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எப்படி நீட்டுவது என்று அவனுக்குக் காட்ட நான் என் நாக்கை நீட்டினேன். அதோடு அவர் பிள்ளைகளை மறந்துவிட்டார். லைட்டைக் கிட்ட இழுத்து, என் நாக்கைப் பார்த்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்து, இந்த நாக்கோடு எப்படி வேலைக்குப் போய் வருகிறீர்கள் என்று கேட்டார். பிறகு பிள்ளைகளின் நாக்குகளையும் பார்த்துவிட்டு, எங்கள் மூவருக்கும் மண்ணீரல் பலவீனம் என்றார். வருத்தம் காதில், மண்ணீரல் இதற்குள் எங்கே வந்தது என்று கேட்டேன். குளிர்ந்ததைச் சாப்பிட்டால் வயிறு களைக்கும், வயிறு களைத்தால் சளி கட்டும், சளி மேலே ஏறி மூக்குக்கும் காதுக்கும் போகும், எங்கள் வைத்தியத்தில் அப்படித்தான் கணக்கு என்றார். சஜிதாவின் நாக்கு மட்டும் நல்ல நாக்காம். அன்றைக்குக் காரில் வருகிற வழி முழுக்க அவள் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கட்டளைகள் இவை: ஐஸ்கிரீம், ஐஸ் போட்ட குடிவகை இரண்டும் வேண்டாம். சுடுதண்ணி. ஏசிக்குக் கீழே ஈரத்தலையோடு இருக்க வேண்டாம். குளத்தை விட்டு ஏறியதும் காதை நன்றாக உலர்த்த வேண்டும். ஒரு வேர் போட்ட சூப். படுக்கப் போகுமுன் முதுகெலும்பு வழியே தோலை மெல்லக் கிள்ளி உருட்டி மேலே கொண்டுபோக வேண்டும். காய்ச்சல், காதுநோ வந்தால் தன்னிடம் வராமல் நேரே குடும்ப டொக்டரிடம் போக வேண்டும், வேரைக் கொடுக்குமுன் அவரிடம் கேட்கவும் வேண்டும். நான் கேட்டேன். அவர் வேரின் பெயரைத் தேடிப் பார்த்து, பிள்ளைகள் வேறு மருந்து எடுக்கவில்லை, கொஞ்சமாகக் கொடுக்கலாம், தேனுகா திரும்பவும் நீந்தத் தொடங்கலாம், ஆனால் காதை உலர்த்துவதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதல் நாள் சூப் வைத்தபோது குசினிப் புகைமணி அடித்தது. அடுத்த நாள் அந்தச் சூப்பைக் குடுவையில் ஊற்றி லவனைக் கோடைகால முகாமுக்கு அனுப்பினேன். மத்தியானம் முகாமில் பொறுப்பாக இருக்கிற ஸ்டெபனி என்கிற பிள்ளை வேலைக்கு அழைத்து, லவன் மரம் குடிக்கிறான், மற்றப் பிள்ளைகளும் தங்களுக்கு மரம் வேண்டும் என்று அழுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டாள். நான் பாரம் தூக்கும் வண்டியில் இருந்தபடியே மண்ணீரலைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் வந்து என் முன்னால் நின்றார். அன்றிலிருந்து சூப் வீட்டில் மட்டும்.

ஐஸ்கிரீம் வண்டி அடுத்த சோதனை. பின்னேரமானால் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும். பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்று, பாட்டுத் தூரத்தில் வரும்போதே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். ஒருநாள் நான் தப்பியோடிய ஒழுங்கையால் வண்டியும் வந்து எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டது. முந்தவும் இடமில்லை, திருப்பவும் இடமில்லை. சந்திக்குச் சந்தி அது நிற்க, நானும் நிற்க, கோயில் தேருக்குப் பின்னால் போவதுபோல அதன் பின்னால் மல்வேர்ன் முழுக்க ஊர்வலம் போனோம். லவன் பின் இருக்கையில் இருந்து அந்தப் பாட்டைப் பிழையில்லாமல் பாடிக்கொண்டு வந்தான்.

முதுகைக் கிள்ளி உருட்டுவதில் இன்னொரு சிக்கல். லவனுக்குக் கூச்சம், கை பட்டாலே உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். முதலில் பழகிக்கொள்ளலாம் என்று சஜிதாவின் முதுகில் செய்து பார்த்தேன். வேலையால் வந்து களைத்துப்போய் இருந்தவள், பாதி முதுகு ஏறுவதற்குள் நித்திரையாகிவிட்டாள். தேனுகா வந்து, “அம்மாவுக்கு என்ன செய்தனீங்கள்?” என்று பயந்துபோய்க் கேட்டாள். பிறகு தானும் குப்புறப் படுத்தாள். அதைப் பார்த்து லவனும் படுத்தான். இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையில் மூன்று முதுகுகள் கிடக்கின்றன அண்ணை, ஒரு சத்தம் இல்லை.

காதை உலர்த்துகிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். நீச்சல் வகுப்பு முடிந்ததும் உடுப்பு மாற்றுகிற இடத்தில், துவாயால் துடைத்து, தலையைச் சரித்து, ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, காதுக்குக் காற்றுக் காட்டுவேன். முதல் கிழமை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது கிழமை ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். ஜூலைக் கடைசியில் வரிசை வாசல்வரை நின்றது. பிள்ளைகள் எனக்கு ‘இயர் அங்கிள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேனுகாவுக்குத்தான் வெட்கம்.

“அப்பா, ப்ளீஸ், டெஸ்ற் அண்டைக்கு மட்டும் அதைக் கொண்டு வராதேங்கோ,” என்றாள்.

அந்தச் சோதனை நாள் காலை, பாணைக் கையில் வைத்துக்கொண்டு, “காது ஒரு மாதிரிக் கிடக்கு அப்பா,” என்றாள். சஜிதா செருப்பை மாட்டினாள். குடும்ப டொக்டரிடம் ஓடினோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், மற்றக் காதையும் பார்த்தார், திரும்பி முதல் காதைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மண்ணீரலைத் தேடி.

“குறும்பி,” என்றார் டொக்டர். “கொஞ்சக் குறும்பிதான் இருக்கு. வேற ஒண்டுமில்லை. செவிப்பறை கண்ணாடி மாதிரிக் கிடக்கு. போய் நீந்தச் சொல்லுங்கோ.”

போனோம். நீந்தினாள் அண்ணை. போன வருடம் அவள் உட்கார்ந்திருந்த அதே வாங்கில் நான் இருந்தேன். குளத்தின் அந்தக் கரைக்குப் போய், சுவரை உதைத்துத் திரும்பி, நடுவில் ஒரு இடத்தில் வேகம் குறைந்து, பிறகு வந்து இந்தக் கரையைத் தொட்டாள். பயிற்றுநர் கட்டைவிரலைக் காட்டினார். நான் அழவில்லை என்று சொல்லப் பார்க்கிறேன், ஆனால் சஜிதா தன் கைபேசியில் எடுத்த படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. ஹெயார் ட்ரையர் காரில் இருந்தது. தேனுகா ஈரம் சொட்டச் சொட்ட வந்து, தானாகவே காதைச் சரித்துக் காட்டி, “போய் எடுத்துக்கொண்டு வாங்கோ,” என்றாள்.

ஆகவே மே முதல் இன்றுவரை என் வீட்டில் காதுநோ இல்லை, தடிமன் இல்லை, மூக்கு ஒழுகல் இல்லை. உங்கள் வீட்டில் ஜூலையில் மூன்று பிள்ளைகளும் ஏசிக் குளிரில் தடிமன் பிடித்துக் கிடந்ததாகக் கேள்விப்பட்டேன். வருந்தினேன். வருந்தி முடித்த பிறகு கராஜுக்குள் போய்க் கொஞ்சம் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. டொக்டர் லியுங்கின் விலாசத்தை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். விரும்பினால் நானே வந்து உங்கள் பிள்ளைகளுக்கு முதுகு உருட்டிக் காட்டத் தயார். என் சபதம் நிறைவேறிவிட்டது. செப்டெம்பர் முதல் திங்கள் நீண்ட விடுமுறைக்கு எங்களை முறையாக அழைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சஜிதா அந்த முதல் நாள் அக்காவை நினைத்துக் கவலைப்பட்டாள், அதன் பிறகு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பழகிக்கொண்டாள் போலும். அதுதான் எனக்கு இன்னும் கவலை.

நிலாணி அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் மூவரும் தும்மலின்றி வளர்ந்து, உங்கள் எல்லோருடைய மண்ணீரலும் நாளுக்கு நாள் பலம்பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற உங்கள் அன்புச் சகலன்,
சிவரூபன்

பி.கு.: இதை உறையில் போட்டு முத்திரை தேடிக்கொண்டிருக்கும்போது லவன் வந்து, “ஆருக்கு அப்பா?” என்று கேட்டான். பெரியப்பாவுக்கு என்றேன். “என்னட்டைத் தாங்கோ, நான் சனிக்கிழமை குடுக்கிறன்,” என்றான். தேனுகா அவனுடைய வாயைப் பொத்தினாள். குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. போன வருடம் வட்ஸ்அப்பில் எழுதிய மறுநாளே நீங்கள் சஜிதாவை அழைத்து மன்னிப்புக் கேட்டீர்களாம். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போனதும் அவர்கள் விட்பிக்குப் புறப்பட்டுவிடுகிறார்களாம். இந்தக் கோடை முழுக்க உங்கள் குளம், உங்கள் ஏசி, உங்கள் ஃப்ரீசரில் மூன்று வகை ஐஸ்கிரீம். லவனுக்கு மாம்பழம்தான் பிடிக்குமாம். ஜூலையில் உங்கள் பிள்ளைகள் தடிமனில் கிடந்தபோது இவன் அவர்களோடு ஒரே போர்வைக்குள் கிடந்து கார்ட்டூன் பார்த்தானாம். பிள்ளைகளின் காதை உலர்த்தவென்று நீங்கள் ஒரு ஹெயார் ட்ரையர் வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சஜிதாவைக் கேட்டேன். “சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் அந்தச் சபதத்தை அவ்வளவு சந்தோசமாக் காத்துக்கொண்டு திரிஞ்சியள்,” என்றாள். யோசித்துப் பார்த்தேன். இத்தனை ஐஸ்கிரீமையும் தாங்கி நின்றதென்றால், அந்த வைத்தியம் நான் மேலே எழுதியதைவிடப் பலமடங்கு சக்தி வாய்ந்தது. கடிதத்தை அப்படியே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். முத்திரை தேவையில்லை, லவனிடமே கொடுத்துவிடுகிறேன். இந்தச் சனிக்கிழமை நானும் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். காரில் எனக்கும் இடம் இருக்கிறது என்று தேனுகா சொல்கிறாள்.