மசோதா அண்ணாச்சியின் தேதித்தாள் சட்டம்

தமிழ்நாட்டுக்குச் சட்டசபை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இன்னொன்று சிவகாசி பக்கம் திருத்தங்கலில் இருந்தது. நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில், பேப்பர் கட்டுகளுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே, ஒரு மர நாற்காலியில் அது தினமும் கூடும். உறுப்பினர், சபாநாயகர், எதிர்க்கட்சி எல்லாம் ஒரே ஆள். வெளிநடப்பு மட்டும் நாங்கள் செய்வோம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மசோதா அண்ணாச்சி. எழுத்துப் பிழை திருத்துவது அவர் வேலை. உலகத்தைத் திருத்துவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சைக்கிளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வருவார். அச்சகத்துக்குள் நடக்கும்போதுகூட, திரும்புகிற பக்கம் கையை நீட்டிவிட்டுத்தான் திரும்புவார். அந்தக் கை இரண்டு முறை என் மூக்கில் பட்டிருக்கிறது.

"சிக்னலைப் பாக்காம வந்தது நீதான் தம்பி" என்பார். மன்னிப்பு நான் கேட்க வேண்டும்.

சாலைக் குற்றங்களுக்கு இனிமேல் கிரிமினல் தண்டனை கொடுக்கப் புதுச் சட்டம் கொண்டுவர அரசு யோசிக்கிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒருநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. புத்தியுள்ளவர்கள் அந்தப் பேப்பரில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள். இவர் அதைத் தன் பெயருக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டார். எழுத ஆரம்பித்தார். நாற்பது பக்கம் தாண்டியது. சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, டீ நேரத்தில் எங்களுக்கு நகலை வாசிப்பார்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது ஜாமீனில் வர முடியாத குற்றம். பைக்கில் மூன்று பேர் போனால் நடுவில் இருப்பவருக்குப் பாதித் தண்டனை. அவருக்கு ரோடு தெரியாது அல்லவா. ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னால் பார்க்காமல் துப்பினால் ஏழு நாள் காவல். துப்பப்பட்டவர் திருப்பித் துப்பினால் அது தற்காப்பு. இப்படிப் போகும்.

இவ்வளவு எழுதியவர், சைக்கிள் பஞ்சரான நாளில் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். நான் விடுவேனா?

"என்ன அண்ணாச்சி, படிக்கட்டுல தொங்குனா மூணு மாசம்னு நீங்கதான எழுதியிருக்கீக?"

"சட்டம் இன்னும் அமலுக்கு வரலேல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போது என் அக்கா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து அள்ளிக்கொண்டு போகும். பதினாலு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தெட்டுப் பெண்கள், பாதிப் பேர் குனிந்து நின்றபடி. டிரைவர் ஒருநாள் சடாரென்று பிரேக் போட்டதில் அக்காவுக்கு நெற்றியில் நாலு தையல். மறுநாள் கட்டோடு அதே வேனில் ஏறினாள். ஏறாவிட்டால் வேலை கிடையாது.

நான் இதை அச்சகத்தில் சொன்னபோது அண்ணாச்சி பென்சிலை எடுத்தார். மறுநாள் புதுப் பிரிவோடு வந்தார். ஆட்களை நிற்க வைத்து வேன் ஓட்டினால் டிரைவருக்கு ஆறு மாதம், ஏற்றச் சொன்ன கம்பெனிக்கு ஒரு வருடம்.

"டிரைவர் இதைப் பாத்தான்னா வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு ஓடிருவான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிறுக்கு என்றால் முழுக் கிறுக்கு என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் சிவகாசி ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர் ஆர்டர் எங்களுக்கு வந்தது. தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். மேலே தேதி, நடுவே நல்ல நேரமும் ராகுகாலமும், அடியில் ஒரு பொன்மொழி. பொன்மொழி சேர்ப்பது அண்ணாச்சி பொறுப்பு. அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. நான் தேதியைப் பார்ப்பேன், ராகுகாலத்தைப் பார்ப்பேன். பொன்மொழியை எந்த மடையன் படிக்கப் போகிறான் என்று விட்டுவிடுவேன்.

அடுத்த வருடம் ஜூன் ஒன்றாம் தேதி காலையில் ஊர் ஜனம் மே மாதத்தின் கடைசித் தாளைக் கிழித்தது. அண்ணாச்சியின் சட்டம் அமலுக்கு வந்தது. அவரிடம் இருந்த பொன்மொழி மே மாதத்தோடு தீர்ந்துபோயிருந்தது. அதற்கு மேல் நாளுக்கு ஒரு பிரிவு.

அச்சில் வந்தால் நம்பிவிடுவது நம் ஜனத்தின் வழக்கம். அதுவும் ராகுகாலத்துக்கு அடியில் வந்தால் கேட்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்ட பெரியவர் ஒருவரை, "இன்னைக்குக் காலண்டர பாக்கலையாக்கும்?" என்று மிரட்டி ஒருவன் இடத்தைப் பிடுங்கியிருக்கிறான். டீக்கடையில் துப்பப் போனவர்கள் திரும்பிப் பார்த்துத் துப்பினார்கள்.

மூன்றாம் நாள் வேன் பிரிவு. தெருமுனையில் பதினாலு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஏறவில்லை. அக்கா, கிழித்த தாளோடு கீழே நின்றிருக்கிறாள்.

"ஏத்தா, நேரமாச்சு, ஏறுங்க" என்றான் டிரைவர்.

"நாங்க ஏறுனா ஒங்களுக்கு ஆறு மாசம்ணே. படிச்சுப் பாருங்க."

இரண்டு தரம் படித்தான். "இது எப்பலேருந்து?"

"இன்னையிலேருந்துதான். மேல தேதி போட்டிருக்குல்ல."

டிரைவர் வேர்த்துப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். இரண்டாவது வேன் வந்தது. மறுநாளும் வந்தது. அக்கா உட்கார்ந்து போனாள்.

இப்படி ஒன்பது நாள். அதற்குள் கம்பெனிக்காரர்கள் வக்கீலிடம் போக, அப்படிச் சட்டமே இல்லை என்று அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். ஜவுளிக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் மொதலாளி முன்னால் வந்து நின்றார்கள். மொதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ராகுகாலத்துக்குக் கீழ ஜெயிலு போட்டது யாருய்யா?"

"நாந்தான் மொதலாளி" என்றார் அண்ணாச்சி. "பொன்மொழி தீந்துபோச்சு. எடம் சும்மா கெடந்துச்சு."

"சரி பாத்தாச்சுன்னு கையெழுத்து இருக்கே. இது யாரு போட்டது?"

என் கையெழுத்து. இந்த வேலை போனால் அக்காவோடு நானும் அந்த வேனில் ஏற வேண்டியதுதான். பக்கத்தில் நிற்கிறவரோ, தான் விட்ட பிழையைத் தானே சிவப்பு மையில் வட்டம் போட்டு மொதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டுகிற ஆள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தக் கையெழுத்தும் நான் போட்டதுதான்" என்றார். "தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

மொதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. அண்ணாச்சியை அப்போதே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"எனக்காக ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீக?"

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி என்ன செய்ய?" ஹெல்மெட் வாரை மாட்டியபடி கேட்டார்: "ஒங்க அக்கா இன்னைக்கு எப்படிப் போனாக?"

"உக்காந்துதான். சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லேன்னு நேத்தே டிரைவர் சொல்லிட்டான். இருந்தாலும் நின்னுக்கிட்டு வர மாட்டோம்னு எல்லாருமா சொல்லிட்டாகளாம். சீசன் நேரம், ஆள விட்டா கெடைக்காது. இன்னைக்கும் ரெண்டு வேன்தான் வந்துச்சு."

அண்ணாச்சி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார்.

"அப்ப மசோதா நெறவேறிருச்சு தம்பி" என்றார். சைக்கிளில் ஏறி, கையை நீட்டிக் காட்டி, ரோட்டில் திரும்பிப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். மூன்று வருடமாக அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்த வாய், மொதலாளி முன்னால் அவருக்காக ஒரு வார்த்தை பேச வரவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.